இடது கைச் சிலுவை

வீட்டுக்கு ஓர் ஆண்பிள்ளை படைக்கு வந்தே தீரவேண்டும் என்று தண்டோரா போட்டுவிட்டார்கள். அம்மா விளக்குமாற்றிலிருந்து இரண்டு ஈர்க்குகளை உருவினாள். அந்தப் பக்கம் திரும்பிக் கிள்ளினாள். நுனி மட்டும் தெரிய வலது கையில் பொத்திக்கொண்டு வந்தாள்.

“குட்டை எடுக்கிறவன் போகணும். சின்னவனே, நீ முதல்ல எடு.”

சூசை எடுத்தது குட்டை. அண்ணன் சவரி சுவரில் முட்டிக்கொண்டு அழுதான்.

புறப்படும்போது சூசை நெற்றியை நீட்டினான். அம்மா இடது கையால் சிலுவை வரைந்தாள். ஒருநாளும் அவள் அப்படி வரைந்ததில்லை. வலது கை இன்னும் பொத்தியே இருந்தது. அவன் அதைப் பிடித்து விரித்தான். உள்ளே இருந்ததும் குட்டைதான்.

அண்ணன் பார்ப்பதற்குள் அவள் விரல்களை மறுபடி மடக்கிவிட்டான்.

“போறேம்மா” என்றான்.