எரிந்த கட்சி, எரியாத கட்சி

"காமன் எரிஞ்சானா, எரியலையா?"

றக்வானைத் தோட்டப் பாடசாலையில் தனுஜா டீச்சர் நாவல் பாடத்தை இப்படித்தான் ஆரம்பித்தார். சிவன் காமனை எரிக்கும் மாசி மாதக் காமன் கூத்தைப் பார்த்து வளர்ந்த வகுப்பு உடனே இரண்டு கட்சியானது.

"எரிஞ்சான் டீச்சர். எங்க மாமாதான் தீ வச்சாரு," என்றான் கஜேந்திரன்.

"எரிஞ்சவன் அப்புறம் எப்படி ரதி கண்ணுக்கு மட்டும் தெரிவான்?" என்றாள் சுமித்ரா.

"சரி. நம்ம நாவல்ல வீரய்யா, பிள்ளையைத் தூக்க எரியுற லயத்து வீட்டுக்குள்ள ஓடுறான். அவன் திரும்பி வந்தானா?" என்றார் டீச்சர்.

மணி அடிக்கும்வரை வாதம் ஓயவில்லை.

"முடிவு என்னாங்க டீச்சர்? பரீட்சைக்கு வருமே."

"நீங்களே யோசிங்க."

கதவோரம் நின்று கேட்ட பாடசாலை அதிபர், வகுப்பைவிட்டு வெளியேறிய தனுஜாவின் பின்னாலேயே வந்தார். "முடிவைச் சொல்லாமலே பிள்ளைங்கள யோசிக்க வச்சிட்டீங்க. நல்ல முறை."

தனுஜா தயங்கினார். "முறையெல்லாம் இல்லைங்க சார். நம்மகிட்ட இருக்கிற ஒரே புத்தகத்துல கடைசி அத்தியாயத்தைக் கறையான் தின்னுடுச்சு."

அதிபர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தெரியும். உங்களுக்கு முன்னாடி அந்தப் பாடத்தை நான்தானே எடுத்தேன். நான் எரியாத கட்சி."