ஆளில்லாத கோல்

"பந்தைக் குறை சொல்லேலாது, லோறன்ஸ். அது வந்து பார்த்தது. வீட்டிலை ஒருத்தரும் இல்லை. தானே உள்ளுக்குப் போயிட்டுது."

சொல்லிவிட்டுக் குலேந்திரன் தலையணையில் சாய்ந்துகொண்டார். ஒஸ்லோவில் ஒரு மருத்துவமனையின் இருதயப் பிரிவு அது. தீவிர சிகிச்சையிலிருந்து அன்று காலைதான் அவரைச் சாதாரண வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். மனைவி சுபத்ராவிடம் அவர் முதலில் கேட்டது தண்ணீர் அல்ல, கைத்தொலைபேசி.

கட்டிலருகே, ஒரு பை திராட்சையை மடியில் வைத்துக்கொண்டு லோறன்ஸ் இருந்தான். தமிழ்க் கழகத்தின் பெண்கள் உதைபந்தாட்ட அணிக்கு அவன்தான் கோச். ஞாயிற்றுக்கிழமை நடந்த இறுதியாட்டத்தில் அந்த அணி ஒரே ஒரு கோலால் தோற்றிருந்தது.

குலேந்திரன் பந்தை உதைத்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொரு பெரிய ஆட்டமும் முடிந்தபிறகு கோச்சுக்கும் கோல் கீப்பருக்கும் பத்துக்கு எத்தனை என்று புள்ளி போட்டு, கழகத்தின் வட்ஸ்அப் குழுவுக்குக் குரல்பதிவு அனுப்புகிறவர் அவர்தான். இதுவரை அவர் போட்ட அதிகபட்சப் புள்ளி ஆறு. அதுவும் ஒரு கோல் கீப்பருக்கு, அவர் கனடாவுக்குக் குடிபெயர்ந்த பிறகு போட்டது.

"இந்த வீடியோவைப் பாரும்." தொலைபேசியை லோறன்ஸின் முகத்துக்கு நேரே பிடித்தார். "நடுவிலையிருந்து ஒருத்தி சும்மா தட்டிவிடுறாள். எங்கடை கோல் கீப்பர் இந்துஜா என்ன செய்யிறாள்? கையுறையைக் கழட்டி எறிஞ்சுபோட்டு ஓடுறாள். பந்தின்ரை பக்கம் ஓடினாலும் பரவாயில்லை. மற்றப் பக்கம் ஓடுறாள். வெஸ்ட்லிக்குப் போற ரெயினைப் பிடிக்கவோ?"

"இல்லை அண்ணை."

"வீட்டிலை அடுப்பை நூக்காமல் எரியவிட்டுட்டு வந்திட்டாளோ?"

"அவளிலை பிழை இல்லை அண்ணை. நான்தான் ஓடச் சொன்னனான்."

"அதுதான் வீடியோவிலை வடிவாக் கேக்குதே. 'விட்டுட்டு ஓடு, இந்துஜா, ஓடு.' நானும் எத்தினை கோச்மாரைப் பார்த்திட்டன். சொந்தக் கோலியைத் துரத்தின கோச் நீர் ஒராள்தான். உது எங்கை படிச்சது, ஸ்பெயினிலையோ?"

லோறன்ஸ் ஒரு திராட்சையைப் பிடுங்கி அவரிடம் நீட்டினான். அவர் வாங்கிக்கொண்டார், கேள்வியை விடவில்லை.

"சரி, கோல் விழுந்துட்டுது. றெஃபரியிட்டை முறைப்பாடு எண்டாலும் சொன்னனீரோ?"

"இல்லை."

"ஏன்?"

"அந்த நேரம் அதுக்கு மனம் வரேல்லை அண்ணை."

"கேட்டியே சுபத்ரா? கப் கையைவிட்டுப் போகுது. கோச்சுக்கு மனம் வரேல்லையாம். பாவம், கவிஞர்."

"இஞ்சேருங்கோ, கனக்கக் கதைக்கவேண்டாமெண்டு டொக்டர் சொன்னவர்," என்றாள் சுபத்ரா. மூன்று நாளாக அவள் சரியாகத் தூங்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

"டொக்டருக்கு நான் காரணத்தையே சொல்லிப்போட்டன். இடைவேளைக்குப் பிறகு நடந்தது எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை. கண் முழிச்சால் இஞ்சை கிடக்கிறன். காலமை இந்த வீடியோவைப் பார்த்த உடனை எல்லாம் விளங்கிப்போச்சு. இந்தக் கோலைப் பார்த்துத்தான் என்ரை இருதயம் நிண்டிருக்கு. அப்பிடியே எழுதுங்கோ எண்டு டொக்டரிட்டைச் சொன்னன். அந்தாள் சிரிக்குது. நோர்வேக்காரருக்கு எங்கடை வேதனை எங்கை விளங்கப்போகுது?"

சுபத்ரா லோறன்ஸைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்பதுபோல் மெல்லத் தலையசைத்தான்.

குலேந்திரன் விலாவைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நெஞ்செலும்பு முழுக்க நோவு. யாரோ ஏறி மிதித்ததுபோல இருக்கிறது என்று காலையிலிருந்தே தாதியிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார். இருந்தாலும் கடமை கடமைதான். தொலைபேசியின் ஒலிவாங்கிப் பொத்தானை அழுத்தினார்.

"அன்பான கழக உறவுகளுக்கு வணக்கம். ஆஸ்பத்திரியிலையிருந்து குலேந்திரன் கதைக்கிறன். இறுதியாட்டத்துக்கான புள்ளி. கோச்சுக்கு ரெண்டு. அதிலை ஒண்டு திராட்சை கொண்டுவந்ததுக்கு. கோலிக்குப் பூச்சியம். அதுக்குக் கீழை புள்ளி இல்லாதபடியால் பூச்சியம். நெருக்கடி நேரத்திலை தன்ரை இடத்தை விட்டுட்டு ஓடுற பிள்ளை எங்கடை அணிக்குத் தேவையில்லை. இந்துஜாவை நிப்பாட்டவேணும். நிப்பாட்டாட்டில் நான் கழகத்தை விட்டு..."

சுபத்ரா தொலைபேசியைப் பறித்தாள். பறித்த வேகத்தில் திராட்சைப் பை தரையில் விழுந்தது. முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் அவர் கையிலிருந்து எதையும் பறித்ததில்லை. குலேந்திரன் திகைத்துப்போனார்.

"என்னப்பா செய்யிறாய்? அனுப்பேல்லை இன்னும்."

"அனுப்பினால் ஊரே சிரிக்கும். எல்லாருக்கும் தெரியும், உங்களுக்கு மட்டும்தான் தெரியாது."

"அக்கா, இப்ப வேண்டாம்," என்று லோறன்ஸ் எழுந்தான். "அண்ணை வீட்டை வந்தாப்பிறகு சொல்லுவம் எண்டு இந்துஜா கேட்டவளெல்லே."

"இல்லைத் தம்பி. அந்தப் பிள்ளையைப் பற்றி இதுக்கு மேலை ஒரு சொல்லும் என்னாலை கேக்கேலாது."

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கள் அந்தக் கோலைப் பார்க்கவே இல்லையப்பா. அது விழேக்கை நீங்கள் கோலுக்குப் பின்னாலை புல்லிலை மூச்சில்லாமல் கிடந்தனீங்கள். அம்புலன்ஸ் வருமட்டும் உங்கடை நெஞ்சை அமத்தி உயிரைப் பிடிச்சு வைச்சிருந்தது அந்த இந்துஜாதான்."