குரூப்பில் போட்ட செய்தி

மூட்டுவலியால் செசிலி மீன் சந்தைக்குப் போவதை நிறுத்திய பிறகு, அவளைத் தேடி வந்துகொண்டிருந்தவள் பிலோமினா ஒருத்திதான். கொஞ்ச நாளாக அவளையும் காணவில்லையே என்று பஸ் பிடித்து அவள் வீட்டுக்கே போனாள். மகன் கதவைத் திறந்தான்.

"அம்மா தவறி ரெண்டு வாரமாச்சே சித்தி. சந்தை குரூப்ல போட்டிருந்தேனே. நீங்க ஏன் வரலன்னு எல்லாரும் கேட்டாவ."

"எங்கிட்ட இருக்கது பட்டன் போனுதானய்யா," என்றாள் செசிலி.

அவன் தன் போனில் அடக்கத்துப் படத்தை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, தண்ணீர் கொண்டுவர உள்ளே போனான். சவப்பெட்டியைச் சுற்றிச் சந்தைப் பெண்கள் அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். பிலோமினாவின் முகத்தைக் கண்டுபிடிப்பதற்குள் திரை அணைந்துவிட்டது. தொட்டால் அழிந்துவிடுமோ என்று பயந்து, தானாக வெளிச்சம் வரட்டும் என்று இரு கைகளிலும் ஏந்தியபடி நின்றாள்.