ஞானஸ்நானத் தண்ணீர்

மாடசாமிக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து மனைவி பிலோமினாவை மாதா கோயில் வாசல்வரை கொண்டுவிடுவார், உள்ளே வந்ததில்லை.

"இப்பவாவது தலையில தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்துரு அக்கா. சாகக் கெடக்கறவங்களுக்கு யாரும் குடுக்கலாம். இல்லன்னா மோட்சத்துல அத்தானைப் பாக்க முடியாது," என்றான் கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாராக இருந்த அவள் தம்பி.

"நல்ல மனுசரைக் கடவுள் கைவிடமாட்டாருன்னு நம்ம கோயில் சாமியார் சொன்னாரே."

"அவரு சொல்லுவாரு. நிச்சயமாத் தெரியுமா?"

அவளுக்குத் தெரியவில்லை. தண்ணீர் டம்ளரைக் கணவரின் நெற்றிக்கு மேல் கொண்டுபோனாள். அவர் கண் திறந்தார்.

"வேண்டாம் பிலோ. எங்கம்மா இருக்கற எடத்துக்கே நான் போறேன்."

தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். "அத்தான் சொன்னது என் காதுல விழல. ஊத்து அக்கா."

அவள் கை அப்படியே நின்றது. பிறகு அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்து, அந்தத் தண்ணீரை வாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். கடைசி மடக்கு கடைவாயில் வழிந்தது.