கூர் உள்ள இரும்பு

செங்கல்வராயன் சுவரிலிருந்து கத்திகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தான். மகள் கவியா கீழே சாக்கை விரித்துப் பிடித்திருந்தாள்.

மதுராந்தகத்தில் அந்தச் சுவரைப் பார்க்கவென்றே வீட்டுக்கு வருகிறவர்கள் உண்டு. எல்லாம் மரப்பிடி. அவன் ஓட்டும் வாடகைக் காரில் மாமல்லபுரத்துக்குச் சவாரி வந்த வெள்ளைக்காரர் கொடுத்துவிட்டுப் போன மடக்குக் கத்தி. கோவளத்தில் ஒருவரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய, புளியங்கட்டையில் பிடி போட்ட வேட்டைக் கத்தி. பிளாஸ்டிக் பிடி என்றால் தொடக்கூட மாட்டான். அவ்வளவு கிறுக்கு.

இன்று அத்தனையும் வீட்டை விட்டுப் போகின்றன.

எல்லாம் செங்கம்மாள் செய்த வேலை. அவள் கவியாவின் பெரியம்மா. மத்தியானம்தான் அச்சரப்பாக்கத்திலிருந்து வந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் செத்துப்போன தங்கை தமிழ்ச்செல்வி தன் கனவில் வந்து காபி கேட்டாள் என்று சொன்னாள். எதிர்வீட்டுக்காரி கனவிலும் வந்திருக்கிறாளாம். பால்காரரைக்கூட விடவில்லையாம்.

எனக்கு மட்டும் அம்மா வரவே இல்லை, முகமே மறந்துபோகிறது என்று கவியா அழுதுவிட்டாள்.

செங்கம்மாள் சுவரை ஒரு பார்வை பார்த்தாள்.

“செவுரு பூரா கத்திய மாட்டி வெச்சிகினு கீறீங்க. அவ எப்டி உள்ள வருவா?”

பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் கத்தி வைப்பதே காத்துக்கருப்பு அண்டக்கூடாது என்றுதானே என்றாள். ஜன்னல் கம்பியும் இரும்புதானே என்று செங்கல்வராயன் கேட்டுப் பார்த்தான். கம்பிக்குக் கூர் கிடையாது என்று அடித்துச் சொல்லிவிட்டாள்.

கவியா அப்பாவின் முகத்தையே பார்த்தாள். பெற்றவன் மனசு கேட்குமா? ஸ்டூலை எடுத்துப் போட்டு ஏறிவிட்டான்.

சாக்கைக் கொண்டுபோய்க் காரில் வைத்துவிட்டு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கூடத்தில் கவியா அம்மாவின் புடவையை விரித்திருந்தாள். பெரியம்மாவுக்கு ஒரு பக்கம், அப்பாவுக்கு ஒரு பக்கம் பாய் போட்டிருந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பு.

செங்கல்வராயன் தன் பாயைச் சுருட்டிக்கொண்டான்.

“நீ பெரியம்மா கூட படுத்துக்கோ கண்ணு. நா வண்டில படுத்துக்கறேன்.”

கத்தியைப் பிரிய மனசு வரவில்லை பார் என்று செங்கம்மாள் கேலி செய்தாள். அவன் மறுக்கவில்லை. கட்டின பெண்டாட்டிக்குப் பயப்படுகிறேன் என்று யாரிடம் சொல்வது?

முதல் கத்தியை அவன் வாங்கியதே அவளுடைய காரியம் முடிந்த மறுநாள்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் வீட்டுக்குப் போகலாம் என்று கையைப் பிடித்துக் கெஞ்சியபோதெல்லாம், நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

செத்த அன்றிலிருந்து அந்த முதல் கத்தி வீட்டுக்குள் வரும்வரை, தினமும் அவள் அவனிடம்தான் வந்துகொண்டிருந்தாள். அந்த ‘நாளைக்கு’ வந்துவிட்டதா என்று கேட்க.