வெட்டிய ஐம்பது விநாடி

முதல் படம் ஞாயிறு காலை ஒன்பது ஐம்பதுக்கு வந்தது.

எட்டாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில். லோகேஷ் மொட்டை மாடியில் நிற்கிறான். கையில் அட்டை, அட்டையில் ஊசித் துளை.

அறிவியல் டீச்சர் தன் குறிப்பேட்டில் அவன் பெயருக்கு நேரே ஒரு டிக் போட்டாள்.

எல்லாம் அந்தக் குறிப்பேட்டில்தான் இருந்தது. பிள்ளைகளுக்குச் சூரிய கிரகணத்தைக் காட்டுவதற்காக அவள் தேடிப் பார்த்த பதினொரு இணையதளங்கள். பாடம், தேவையான பொருள், எத்தனை நிமிடம், தமிழில் உண்டா. பத்துக்கு எதிரே பெருக்கல் குறி. ஒன்றுக்கு மட்டும் 'நன்று'. அதன் பக்கத்திலும் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. அவள் எதையும் முழுதாக நம்பியதில்லை, தன்னையும் சேர்த்து.

அந்த ஒன்றில் இருந்தது நல்ல வீடியோதான். நீளம் அதிகம். பிள்ளைகள் அம்மாவின் ஃபோனில் பார்க்கிறவர்கள்; பாதியில் நெட் தீர்ந்துவிடும். மாலை நேரக் கணினி வகுப்பில் அவள் வீடியோ வெட்டக் கற்று ஒரு வாரம்கூட ஆகவில்லை.

அட்டையில் துளை போடுவது இருக்கட்டும். பிறை போலச் சூரியன் தெரிவதும் இருக்கட்டும். நடுவில் ஒருவர் சும்மா நின்று பேசிக்கொண்டிருந்தார்.

ஐம்பது விநாடி.

வெட்டினாள். அவர் பேசியதை வகுப்பில் நேரிலேயே சொல்லிக்கொள்ளலாம். மீதியைக் குழுவில் அனுப்பினாள்.

சனிக்கிழமை தர்ணிகாவின் அம்மா அழைத்திருந்தாள்.

"கிரகணத்துக்குத் தண்ணிக் குடத்துலயே தர்ப்பை போட்டு வைக்கிறவங்க நாங்க. புள்ளைய எப்படி டீச்சர் வெளிய விடுறது?"

"ஒண்ணும் ஆகாதுக்கா. நான் பொறுப்பு."

இரண்டாவது படம். மூன்றாவது.

நான்காவதில் தர்ணிகா. அண்ணாந்து நிற்கிறாள். ஒரு கண்ணை இறுக மூடியிருக்கிறாள். மறு கண்ணோடு ஒட்டி அட்டை.

சிரிக்கிறாள்.

பேனா நின்றது.

லோகேஷின் படத்தைப் பெரிதாக்கினாள். அவனும் அண்ணாந்துதான் நின்றான்.

சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். துளை வழியே தரையில் விழும் வெளிச்சத்தைப் பாருங்கள். துளையில் கண்ணை வைக்காதீர்கள்.

நடுவில் நின்றவர் அதைத்தான் பேசினார்.

வகுப்பில் சொன்னேன். சொன்னேனா?

குறிப்பேட்டைப் புரட்டினாள். வெள்ளி, ஐந்தாம் பாடவேளை. அவள் கையெழுத்துதான். 'கணக்கு சார் கேட்டு வாங்கிக்கொண்டார்.'

'யாரும் சூரியனைப் பாக்காதீங்க. உள்ள போங்க.' குழுவில் போட்டாள்.

யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஃபோன்களெல்லாம் மாடிகளில் படமெடுத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு எண்ணாக அழைத்தாள். மணி போனது, எடுக்கவில்லை.

வெளியே பட்டப்பகலில் வெயில் பழுப்பாகியிருந்தது. காக்கைகள் அடங்கிவிட்டன.

எட்டுப் படங்கள். பதினான்கு. இருபத்திரண்டு.

ஒவ்வொன்றின் கீழும் கைதட்டல்கள்.

மதியம் தர்ணிகாவின் அம்மாவே கூப்பிட்டாள்.

"நான்தான் டீச்சர் வீணாப் பயந்துட்டேன். ரெண்டு கண்ணாலயும் மாத்தி மாத்திப் பாத்தா. வலிக்குதாடின்னா, போம்மாங்கிறா. படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

டீச்சர் ஃபோனை வைத்தாள்.

அந்த இணையதளத்துக்குப் போய், தான் வெட்டிய பகுதியைக் கடைசிவரை ஓடவிட்டாள். கடைசி வரி அவளுக்கு நினைவில் இல்லாதது.

கண் வலிக்காது. பாதிப்பு சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும்.

'எல்லோரும் கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்' என்று எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதினாள். ஒன்றுமில்லாததற்கு ஊரையே பயமுறுத்துகிறோமோ?

அழித்தாள்.

திங்கள்கிழமை முப்பத்தொரு பேரும் வந்திருந்தார்கள். ஒருவர்கூட விடுப்பு இல்லை. வருகைப் பதிவேட்டை மூடும்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

கரும்பலகையில் பெரிதாக எழுதினாள். 'ஒளி நேர்கோட்டில் செல்லும்.'

"படி, தர்ணிகா."

முதல் பெஞ்சில் தர்ணிகா எழுந்தாள். கண்ணைக் கசக்கினாள். கழுத்தை ஒருபக்கம் சாய்த்துப் பார்த்தாள், பிறகு மறுபக்கம்.

"மிஸ், நடுவுல ஏன் அழிச்சிட்டீங்க?"

"ஆமா மிஸ்." பின்னாலிருந்து லோகேஷ்.

டஸ்டர் மேஜை இழுப்பறையில் இருந்தது. அவள் அதை இன்னும் வெளியே எடுக்கவில்லை.