பொய் சொல்லாத மூக்கு

ஊரில் சண்டை முடிந்து, முகாமிலிருந்து தம்பி உயிரோடு வந்தால் ஒரு வருடம் வீட்டில் மீனோ இறைச்சியோ, மச்சமே இல்லை என்று வெளிநாட்டில் குடியேறியிருந்த யோகமலர் நேர்த்தி வைத்தாள். தம்பி வந்துவிட்டான். அகப்பட்டவர் அவள் புருஷன் மகேந்திரராசா.

ஆறு மாதம் பருப்பையே தின்றவர், அன்று பனிக்குள் பக்கத்து வீட்டு ஹென்ரிக்கோடு முயல் பிடிக்கப் போனார். ஹென்ரிக்கின் நாய் எந்த வளை முன் அசையாமல் நிற்கிறதோ, அதற்குள் கீரி போன்ற ஃபெரெட்டை விட்டார்கள். முயல் வெளியே பாய்ந்து, வளை வாயில் விரித்த வலையில் விழுந்தது. நாய் ஒருமுறைகூடப் பிழை விடவில்லை.

திரும்பி வந்த இருவரையும் வாசலில் யோகமலர் மறித்தாள்.

"முயலோட படியேறாதேங்கோ! நேர்த்தியை மறந்திட்டியளோ?"

"ஹென்ரிக் வீட்டிலதானப்பா சாப்பிடப்போறன்."

"வாயைக் கட்டத் தெரியாத மனுசன்! என்னைப் பாருங்கோ, ஒரு மீன் முள்ளுத் தொட்டனானோ?"

அதற்குள் நாய் உள்ளே நுழைந்து, அவளுடைய சேலை அலுமாரியின் முன் அசையாமல் நின்றது.

மூவரும் பின்னால் ஓடினார்கள். மகேந்திரராசா பூட்டை ஆட்டிப் பார்த்தார். "அலுமாரித் திறப்பைத் தாரும்."

"அது துலைஞ்சுபோச்சு."

தமிழ் விளங்காத ஹென்ரிக், பழக்கதோஷத்தில் ஃபெரெட்டை அலுமாரியின் கீழ் இடுக்கில் விட்டார்.

யோகமலர் முயலைவிட வேகமாகப் பாய்ந்தாள்.

"ஐயோ, பிடியுங்கோ அதை! கருவாடு முழுக்கத் தின்னப்போகுது!"